டிவி சந்தேகங்கள்: ஓடும் வேனில் படம் ஏன் உறைகிறது?

கேள்வி: கும்மிடிப்பூண்டி – சூளூர்பேட்டை வழியில் ஓடும் வேனில், பயணிகளுக்காக டிவிபி-டி2 ரிசீவர் (ஆண்டெனா வழி டிஜிட்டல் டிவி பெறும் பெட்டி) மாட்டியிருக்கிறேன். வண்டி நின்றால் சென்னை தூர்தர்ஷன் தெளிவாக வருகிறது. ஓடினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைகிறது. கடையில் பூஸ்டர் (சிக்னல் பெருக்கி) போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: பூஸ்டருக்குச் செலவு செய்யாதீர்கள். நின்றால் தெளிவு என்றால் சிக்னலின் பலம் போதும். கட்டடம், லாரி, மேம்பாலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வரும் அலையோடு மோதி, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உதாரணமாக, 550 மெகாஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் அலைநீளம் 54.5 செ.மீ.; அழியும் புள்ளிகள் சுமார் 27 செ.மீ.க்கு ஒன்றாக வரலாம். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பல பத்துப் புள்ளிகளைக் கடக்கிறீர்கள். அழிந்துபோன சிக்னலைப் பூஸ்டர் பெருக்கினால் இரைச்சல்தான் பெருகும்.

இதற்குச் சரியான வழி டைவர்சிட்டி ரிசீவர்: இரண்டு ஆண்டெனா, இரண்டு ட்யூனர் (சிக்னலைப் பிடிக்கும் பகுதி). ஒன்று அழியும் புள்ளியில் இருக்கும்போது மற்றொன்று பெரும்பாலும் தப்பிவிடும். சிக்னலைச் சேர்ந்து சுமக்கும் சிறு அலைகளான கேரியர் ஒவ்வொன்றிலும் எது சுத்தமோ அதற்குக் கூடுதல் எடை தந்து, ஃபேஸை (அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போவதை) சரிசெய்து சிப் கூட்டிக்கொள்ளும். இரண்டிலும் சிக்னல் சமமாக இருந்தாலே 3 டெசிபல், அதாவது இரு மடங்கு, லாபம். ஓட்டத்தில் அதைவிடக் கூடும். இரண்டு ஆண்டெனாவை ஸ்ப்ளிட்டரால் இணைத்து ஒரே ட்யூனரில் செருகுவதைப் பலர் செய்கிறார்கள். ஃபேஸ் சரிசெய்ய ஆளில்லாததால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவும் செய்யும்.

ஆண்டெனாக்களுக்கு இடையே 32 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள் (யுஹெச்எஃப் டிவி பட்டையின் கீழ்முனையான 470 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம்). கூரையின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. 550-க்குக் கால் அலைநீள விப் (நிமிர்ந்த ஒற்றைக் கம்பி ஆண்டெனா) 13.6 செ.மீ.; அடியில் உலோகத் தகடு வேண்டும். ஃபைபர் கூரையானால் 30 செ.மீ. சதுரத் தகரம் ஒட்டுங்கள். கேபிள்கள் ஒரே நீளம் இருக்கவேண்டியதில்லை. ஆனால் மெல்லிய ஆர்ஜி-174 வகைக் கேபிள் மீட்டருக்கு அரை டெசிபலுக்கு மேல் தின்னும். நீளமான இடத்தில் தடித்த ஆர்ஜி-6 போடுங்கள். மலிவு மொபைல் சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் இரைச்சல் கக்கும்; ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. அதே 80 கி.மீ. வேகத்தில் டாப்ளர் விலகல் (ஓட்டத்தால் அலையின் அதிர்வெண் மாறுவது) சுமார் 41 ஹெர்ட்ஸ். கேரியர்களுக்கு இடையிலான இடைவெளியோடு ஒப்பிட இது சிறியதாக இருந்தால்தான் படம் நிற்கும். ஒளிபரப்பு, கேரியர்கள் நெருக்கமான 32கே முறையில் இருந்தால் கேரியர் இடைவெளியே 279 ஹெர்ட்ஸ்தான். கேரியர்கள் விலகி நிற்கும் 8கே என்றால் 1,116. இதைத் தேர்வது ஒளிபரப்பாளர். நீங்கள் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். தடாவைத் தாண்டி சிக்னலே எட்டாத இடத்தில் எத்தனை ஆண்டெனா வைத்தாலும் படம் வராது. திரை ஓட்டுநர் கண்ணில் படவே கூடாது.

கேள்வி: வீட்டு டிவிக்கும் இரண்டு ஆண்டெனா வேண்டுமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: வேண்டாம். மொட்டைமாடியில் சென்னைப் பக்கம் திருப்பிய ஒரு யாகி (பல குறுக்குக் கம்பிகள் கொண்ட திசை ஆண்டெனா) போதும். பலம் நிறையக் காட்டியும் தரம் குறைவாக இருந்தால், கம்பத்தை 30 செ.மீ. நகர்த்தி, தர அளவைப் பார்த்தபடி திருகை இறுக்குங்கள்.