ராணுவப் பயிற்சியில் யாருக்குக் காயம் வரும் என்று உடற்தகுதித் தேர்வை வைத்தே சொல்லிவிட முடியுமா? (தம்பி பயிற்சிக்குப் போகப் போகிறான்)

எந்த மாதிரி ஆட்களுக்கு அதிகம் வரும் என்று சொல்லலாம். உங்கள் தம்பிக்கு வருமா வராதா என்று எந்தத் தேர்வாலும் சொல்ல முடியாது. நான் பிசியோதெரபிஸ்ட். ஆர்மி செலக்‌ஷனுக்காக ஓடிப் பழகும் பையன்கள் கால் வலியோடு வந்துகொண்டே இருப்பதால், இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

இருப்பதிலேயே நம்பகமானது ஓட்டத் தேர்வுதான். அமெரிக்கத் தரைப்படையின் 8 வார அடிப்படைப் பயிற்சியில் ஆண்களில் சுமார் கால்வாசிப் பேருக்கும் பெண்களில் சுமார் பாதிப் பேருக்கும் ஏதாவது ஒரு காயம் ஏற்படுகிறது என்று ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் நடந்த ஆய்வு ஒன்று 1993-ல் சொன்னது. பெண்களுக்கு உடம்பு தாங்காது என்று பலரும் முடிவுகட்டியிருப்பார்கள். ஆனால் 2000-ல் வெளியான இன்னொரு ஆய்வு, சேரும்போது இருந்த உடற்தகுதியையும் கணக்கில் எடுத்துப் பார்த்தது. அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் அநேகமாகக் காணாமலே போய்விட்டது. பெண்கள் அதிகம் காயப்பட்டதற்குப் பெரும்பங்கு காரணம், அவர்கள் குறைந்த ஓட்டத் தகுதியோடு உள்ளே வந்ததுதான். இந்தத் துறையில் நான் படித்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது.

ஏன் இப்படி? அணிவகுப்பின் வேகம் எல்லோருக்கும் ஒன்றுதான். மூச்சுத் திறன் உள்ளவர் அதைச் சாதாரணமாக நடந்து முடிப்பார். இல்லாதவர் தன் முழுச் சக்தியையும் போட்டாக வேண்டும். கெண்டைக்கால் தசை சீக்கிரம் சோர்ந்துவிட்டால், அது வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்ச்சி நேரே எலும்புக்குப் போகிறது. எலும்புக்கும் ஒரு சிக்கல் உண்டு. பழகாத சுமை ஏறும்போது அது முதலில் பழைய திசுவைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. நடுவில் சில வாரங்கள் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். பயிற்சியாளர் விரட்டுவதும் அதே வாரங்களில்தான். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் எனப்படும் மயிரிழை முறிவு வருவது அங்கேதான்.

ஆஸ்திரேலியாவின் கபூக்கா முகாமில் 1538 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேர் உடற்பயிற்சிக்கு முன் கால் தசைகளை இழுத்து நீட்டினார்கள், மீதிப் பேர் நீட்டவில்லை. 12 வாரத்தில் கால் காயங்கள் 333. இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. உயரம், எடை, பிஎம்ஐ எதுவும் காயத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவற்றில் முக்கியமானது பீப் டெஸ்ட். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, பீப் ஒலிப்பதற்குள் அடுத்த கோட்டைத் தொட வேண்டும், ஒலி வர வர வேகமாகும். அதில் சீக்கிரம் நின்றவர்களுக்கே காயம் அதிகம்.

குனிந்து, மண்டியிட்டு, கை நீட்டிச் செய்யும் 7 அசைவுகளுக்கு மொத்தம் 21 மதிப்பெண் போடும் எஃப்எம்எஸ் பரிசோதனையும் இருக்கிறது. அமெரிக்க மரைன் அதிகாரிப் பயிற்சியாளர்களில் 14-ம் அதற்குக் கீழும் வாங்கியவர்களுக்குக் காயம் அதிகம் வந்தது உண்மை. ஆனால் காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் 14-க்கு மேல் வாங்கியவர்கள்தான். இதை நம்பி ஒருவரை 'பாஸ்' என்று அனுப்ப நான் துணிய மாட்டேன்.

அதனால்தான் இந்தத் தேர்வுகளை ஆட்களைக் கழித்துக்கட்டப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயிற்சியின் அளவை மாற்றப் பயன்படுத்துங்கள் என்பேன். அமெரிக்காவில் தகுதி குறைந்தவர்களை முதலில் தனியாகத் தயார்செய்து, பிறகு பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். மரைன் படை பயிற்சிக் கால ஓட்டத்தை மொத்தம் 55 மைலிலிருந்து 33 மைலாகக் குறைத்தபோது மயிரிழை முறிவுகள் பாதிக்கும் கீழே போயின. கடைசி 3 மைல் தேர்வில் வேகமோ பெரிதாகக் குறையவில்லை.

சரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள். தேதி வந்த பிறகு மூன்று வாரம் வெறித்தனமாக ஓடி அதில் தேறிவிடலாம், ஆனால் எலும்பு அதற்குள் தயாராகாது. மாதக்கணக்கில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். சிகரெட் இருந்தால் நிறுத்தட்டும். முன்பு காலில் அடிபட்டதுண்டா என்பதை மறைக்காமல் சொல்லட்டும். இந்த இரண்டும் ஸ்டாப்வாட்ச் இல்லாமலே ஆபத்தைச் சொல்லிவிடும்.

உள்ளே போன பிறகு கால் வலித்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமாகப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். விரல்நுனி அளவு ஒரே இடத்தில் சுரீரென்றால், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு முகாம் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லித் திரும்ப ஓட அனுப்பினால், அந்த வலிக்கும் இடத்தை இன்னொரு முறை தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.