எமனிடம் பாடியவன்

கேள்வி: தங்கச்சி போன பிறகு கவிதை எழுதத் தொடங்கினேன். அவளைத் தேடிப் பாதாளம் போகும் ஓர்ஃபியஸாக என்னை வைத்து எழுதிய நீள்கவிதையை அனுப்பியிருக்கிறேன். "நம்மிடம் சாவித்திரி இருக்க, கிரேக்கக்காரன் எதற்கு?" என்கிறார் மாமா. உங்கள் அபிப்பிராயம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாமா கேட்டது நியாயம்தான். ஆனால் சாவித்திரி வென்றவள். வரத்துக்கு மேல் வரம் வாங்கி, பேச்சிலேயே எமனை மடக்கிப் புருஷனைக் கூட்டிவந்துவிட்டாள். ஓர்ஃபியஸோ யாழ் மீட்டிப் பாதாளத்தையே உருக்கியும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, வெளிச்சத்துக்கு வரும் முன் திரும்பிப் பார்த்து மனைவி யூரிடிசியை இரண்டாம் தரமும் பறிகொடுத்தான். பாட்டு எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்று கேட்பவருக்குத் தோற்றவன் கதைதான் உதவும்.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே இந்தக் கதையை வைத்து 1904இல் எழுதிய கவிதையில், "அவன் திரும்பிவிட்டான்" என்று கூட வந்த தூதுத் தெய்வம் ஹெர்மிஸ் வேதனையோடு சொல்கிறான். யூரிடிசி கேட்பது ஒரே சொல்: "யார்?" அவளுக்கு அவனை ஞாபகமே இல்லை. எத்தனை தரம் படித்தாலும் அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். பிறகு 1922இல் ரில்கே 'ஓர்ஃபியஸுக்கான சொனட்டுகள்' (சொனட் என்பது பதினான்கு வரிக் கவிதை) எழுதி, வெரா என்ற பெண்ணின் நினைவுக்கு வைத்தார். நடனம் ஆடிய பிள்ளை, 19 வயதில் இரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். தாய் எழுதிவைத்திருந்த நோய்க்காலக் குறிப்புகளைப் படித்த கையோடு வந்த கவிதைகள் அவை. மொத்தம் 55. வெராவை நேராகப் பேசுபவை இரண்டே இரண்டு.

சரி, உங்கள் கவிதை. முதல் பக்கத்திலேயே பாதாள அரசன் ஹேடிஸ், அவன் ராணி பெர்செஃபோனி, மூன்று தலை நாய், ஓடக்காரன் எல்லோரும் ஆஜர். தங்கச்சி மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறாள்: காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கி, இறாலைத் தான் கழற்றித் தின்றுவிட்டு வெறும் வடையை உங்களிடம் நீட்டுகிறாள். கவிதை அங்கேதான் தொடங்குகிறது. புறநானூறு 256ஐ எடுத்துப் பாருங்கள். கணவனை இழந்தவள், அவனைப் புதைக்கும் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று குயவனிடம் கேட்கிறாள். வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லி போல அவனோடு வழியெல்லாம் வந்தேன் என்கிறாள். தெய்வம் ஒன்றும் வரவில்லை, பல்லி போதுமாக இருந்தது. ஓர்ஃபியஸ் இருக்கட்டும், நாயையும் ஓடக்காரனையும் அனுப்பிவிடுங்கள். அப்புறம், திரும்பிப் பார்ப்பது தவறு என்று கடைசியில் புத்தி சொல்லியிருக்கிறீர்களே, அந்த நாலு வரியும் வேண்டாம்.

கேள்வி: அந்த 55 சொனட்டுகளையும் ரில்கே ஒரே மாதத்தில் எழுதினாராமே? எனக்கு ஒரு கவிதைக்கே ஒரு மாதம் போகிறது.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான். சுவிட்சர்லாந்தில் முசோ என்ற பழைய கல் வீட்டில், 1922 பெப்ரவரியில். ஆனால் அதே மாதம் அவர் முடித்த 'டுயினோ இரங்கற்பாக்கள்' பத்தையும் தொடங்கியது 1912இல். அந்தப் பத்து வருடத்தை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.