நோயும் செலவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். மனிதரை மையமாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ‘அதெல்லாம் நிதி வாங்க மாட்டும் பெயர்ப்பலகை’ என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பெருநிறுவனங்களிடம் இருக்கும் கணினி வசதியில் ஒரு துளிகூட பல்கலைக்கழகத்தில் கிடையாது. அங்கே உட்கார்ந்து என்ன செய்துவிட முடியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பெயர்ப்பலகை என்பதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஸ்டான்ஃபோர்டு 2019ல் இதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. இன்று கண்ட விண்ணப்பத்திலெல்லாம் இந்தப் பெயர் தென்படுகிறது. அது கிடக்கட்டும். கணினி வசதி இல்லை என்று புலம்புகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

அதே 2019ல் ஸியாத் ஓபர்மேயர், செந்தில் முல்லைநாதன் முதலிய ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைப் படித்திருக்கிறீர்களா? படிக்காமல் இந்தத் துறைக்கு வர நினைத்தால் அது பெரும் சோம்பேறித்தனம். அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று மதிப்பெண் போடும் ஒரு மென்பொருள். அதற்கு நோயாளியின் இனம் தெரியாது, அந்தத் தகவலே உள்ளே போகவில்லை. ஆனாலும் தானாகவே அந்தக் கூடுதல் கவனிப்புத் திட்டத்தில் சேர்க்கப்படும் உச்ச மதிப்பெண்காரர்களை எடுத்துப் பார்த்தால், வெள்ளையருக்குச் சராசரியாக 3.8 நாள்பட்ட நோய்கள், கறுப்பினத்தவருக்கு 4.8. அதாவது அதே வரிசையில் நிற்க அவர்கள் இன்னும் அதிகமாக நோயுற்றிருக்க வேண்டும்.

காரணம் என்ன? மென்பொருள் கணித்தது நோயை அல்ல, வருங்கால மருத்துவச் செலவை. நோய் அதிகமென்றால் செலவும் அதிகம்தானே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவரிடம் போகவே முடியாதவருக்குச் செலவு எங்கிருந்து வரும்? கவனிப்புக் குறைவாகக் கிடைத்த கறுப்பினத்தவர் கணக்கில் ஆரோக்கியமானவர் ஆகிவிட்டார். கணிப்பைப் பொறுத்தவரை மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. அதனிடம் கேட்டதுதான் தப்பு. இந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எத்தனை ஆயிரம் கணினிகள் வேண்டியிருந்தன என்கிறீர்கள்? மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து, ஒரே மதிப்பெண் பெற்றவர்களை உண்மையான நோய்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமைதான் வேண்டியிருந்தது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அதைப் பார்க்க அவசரமில்லை. பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் ஒரே வசதி அந்தப் பொறுமைதான், அதை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன். சேருங்கள் தம்பி, தாராளமாகச் சேருங்கள். வழிகாட்டியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மருத்துவமனைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் மருத்துவ மென்பொருள் பற்றி எழுதுபவரிடம் போய்விடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் கடைசியாகச் செய்த ப்ராஜெக்டில் எதைக் கணித்தீர்கள்? ஏன் அதை? தரவில் அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரப்பிக் கிடந்தது என்பதற்காகவா? யோசித்து எழுதுங்கள்.