மூடின பழைய வராண்டா: டைல்ஸ் இருக்கட்டும், மொதல்ல தண்ணி எங்க இறங்குதுன்னு பாருங்க

கேள்வி: நாங்க வாங்கின பழைய வீட்டோட முன் வராண்டாவ எப்பவோ யாரோ ப்ளைவுட், ஜன்னல் வெச்சு அடைச்சு ரூம் ஆக்கியிருக்காங்க. மரத் தரை வெளிப்பக்கமா சரியுது, ஒரு மூலைல மிதிச்சா அமுங்குது, ஜன்னலுக்கு கீழ பெயிண்ட் உரியுது. தரைய மட்டம் பண்ணி டைல்ஸ் ஒட்டி நாங்களே முடிச்சிரலாமா?

பதில்: நீங்களே பண்ணலாங்க, ஆனா டைல்ஸ் கடைசி. நீங்க சொன்ன மூணுல அந்த சரிவு அநேகமா கோளாறே இல்ல. கட்டினப்போ அது திறந்த வராண்டா, மழத்தண்ணி வெளிய ஓடணும்னு வேணும்னே வாட்டம் விட்டிருப்பாங்க, அடிக்கு கால் இஞ்ச்ங்கறது வழக்கமான கணக்கு, அதாவது சுவர்லேந்து எட்டடி தள்ளிப் போனா ரெண்டு இஞ்ச் இறக்கம். நூல் கட்டி அளந்து பாருங்க. சீரா இறங்கினா வாட்டம், ஒரு இடத்துல மட்டும் தொங்கினா கீழ சட்டமோ தூணடியோ போயிருக்கு.

மட்டம் பண்றேன்னு மரத்தரை மேல கான்கிரீட் மட்டும் ஊத்திராதீங்க. 5 செ.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்கு 120 கிலோ வரும், பழைய சட்டம் தாங்காது. ஆப்பு மாதிரி சீவின சட்டங்கள அடிச்சு மேல பலகை போடுறதுதான் வழி, அதுவும் வாசக்கதவு திறக்க இடம் இருக்கான்னு பாத்துட்டு.

இப்ப அமுங்குற மூலைக்கு வருவோம். மரம் சும்மா மக்காது, தொடர்ந்து ஈரம் பட்டாதான் மக்கும், அதனால மொதல்ல மேல பாருங்க. வராண்டா கூரை வீட்டுச் சுவரோட சேர்ற இடத்துல, அந்த இடுக்க மூடி தண்ணிய வெளிய தள்ளுற தகர மடிப்பு விட்டுப் போயிருந்தா தண்ணி சுவருக்குள்ளயே இறங்கி எங்கயோ ஒரு மூலைல வந்து நிக்கும். அடுத்து மழத்தண்ணி குழாய், அப்புறம் ஜன்னல். ஜன்னலடிப் பலகைக்கு கீழ்ப்பக்கம் நீளவாக்குல ஒரு சின்ன காடி, அதாவது பள்ளக் கோடு, இருக்கும், தண்ணி சுவர் பக்கம் வராம சொட்டி விழத்தான் அது, வருஷக்கணக்கா பெயிண்ட் அடிச்சு அடிச்சு அடைச்சிருப்பாங்க, சுரண்டித் திறந்து விடுங்க. கண்ட இடுக்குக்கெல்லாம் சிலிகான் அப்புறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு, தண்ணி வெளிய வர்ற வழியயும் சேத்து அடைச்சிட்டா உள்ளயே நின்னு மக்கும்.

ஒழுகல் நின்னதும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, தூணடி, ஜன்னலடி, தரை ஓரம் எல்லாம். நல்ல மரத்துல முனை லேசா பதியும் அவ்ளோதான், பொதபொதன்னு உள்ள போனா மக்கிருச்சு. சின்ன இடம்னா சுரண்டிட்டு எபாக்ஸி (கலந்து அடைச்சா கெட்டியாகுற பசை) போதும், பெருசுன்னா அந்தத் துண்ட அறுத்து மாத்தணும், புது பலகைக்கு ஆறு பக்கமும் ப்ரைமர் அடிச்சிட்டு பொருத்துங்க, முக்கியமா அறுத்த முனைக்கு, தண்ணிய அதிகமா உறிஞ்சுறது அதான்.

ஒண்ணு கட்டாயம் சொல்லணும், அந்த ப்ளைவுட்டுக்குள்ள பழைய தூண் நிக்கலாம், கூரை பாரமே அதுமேலதான் இருக்கும். தடுப்புச் சுவர்தானேன்னு உடைச்சிராதீங்க. தூணோ உத்தரமோ மாத்தணும்னா முட்டுக் குடுத்து கூரைய தாங்கிப் பிடிக்கிறது வேற லெவல் வேலை, அதுக்கு மட்டும் தெரிஞ்ச ஆள கூப்பிடுங்க, வயரிங்குக்கும் அப்படித்தான்.

உரியுற பெயிண்ட்டும் பழசுன்னா ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. டெஸ்ட் பண்ணாம காய்ஞ்ச பெயிண்ட்ட சாண்ட்பேப்பர் போட்டு தேய்க்காதீங்க, நெருப்பு காட்டி உரிக்கவும் வேணாம், அந்தத் தூசியும் புகையும் குழந்தைங்களுக்கு ரொம்ப கெடுதல். சீலிங்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாதிரி தெரிஞ்சா ஓட்டை கூட போடாம டெஸ்ட்டுக்கு குடுங்க.

டைல்ஸ்? சட்டமெல்லாம் மாத்தின அப்புறமும் தரை கொஞ்சம் ஆடினா கூட டைல்ஸ் விரிசல் விட்ரும், அதனால நான்னா பலகையே போட்டு பெயிண்ட் அடிச்சிருவேன். டைல்ஸ்தான் வேணும்னா பலகை மேல நேரா ஒட்டாம நடுவுல சிமெண்ட் போர்டு போட்டுக்கோங்க.