முதலாண்டு எம்பிபிஎஸ்: மாலையில் தூங்கிவிடுகிறேன், ராத்திரி 2 மணி வரை படிக்கிறேன், வீட்டில் பேசவே நேரமில்லை

முதலில் 11 மணிக்கு மேல் படிப்பதை நிறுத்துங்கள் தம்பி. ஆறு மணிக்குத் திருவொற்றியூரில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். அலாரம் வைத்து அரைமணி நேரம் தூங்குங்கள். எழுந்து அம்மாவோடு ஒரு டீ. அப்புறம் 7 முதல் 10 வரை படிப்பு.

நேரம் போதாததல்ல பிரச்சினை. அனாடமியைக் கோடு போட்டுக்கொண்டே நாலு முறை வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் நேரத்தைத் தின்கிறது. நானும் மூன்று நிற ஹைலைட்டரோடு அலைந்தவன்தான். பக்கம் அழகாக இருந்தது, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கே பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் பிரேக்கியல் பிளெக்சஸ், அதாவது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலை வரையுங்கள்: சி5 முதல் டி1 வரை ஐந்து வேர், மூன்று டிரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு, அப்புறம் கிளைகள். எங்கே பேனா நிற்கிறதோ அதை மட்டும் படியுங்கள். மறுநாள் மெட்ரோவில் அதையே மறுபடி மனதுக்குள் வரைந்து பாருங்கள்.

ஞாயிறு காலை அப்பா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால் கூடவே போங்கள். வஞ்சிரம் விலை பேசும் நேரத்தில் உங்கள் அனாடமி ஓடிவிடாது.

இன்டர்னல் தேர்வு வாரத்தில் இந்தக் கணக்கு குலையும், சரி, விடுங்கள். ஆனால் படுத்தாலும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் அது அட்டவணைச் சிக்கல் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.