ஆமினாவா, அமீனாவா?

கேள்வி: பேத்திக்கு நபிகள் நாயகத்தின் (ஸல்) தாயார் பெயரை வைக்க ஆசை. பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருக்கிறோம். மகன் 'அமீனா' என்று எழுதப் போகிறான், இரண்டும் ஒன்றுதானாம். கோர்ட் அமீனா (ஜப்திக்கு வரும் நீதிமன்ற ஊழியர்) என்று பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று மருமகள் கலங்குகிறாள். எது சரி?
– வாசகி, காயல்பட்டினம்

பதில்: இரண்டும் வேறு வேறு பெயர்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அரபியில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தான அலிஃபின் மேல் வளைந்த கோடாக 'மத்' என்ற நெடில் குறி இருந்து, மீமை (ம) அடுத்து உடனே நூன் (ன) வந்தால் அது ஆமினா. மத் இல்லாமல், மீமுக்கும் நூனுக்கும் நடுவில் 'யா' இருந்தால் அமீனா. முன்னதில் முதல் எழுத்து நெடில், பின்னதில் இரண்டாவது.

ஆமினா என்றால் அச்சமின்றிப் பாதுகாப்பாக இருப்பவள். குர்ஆனில் இது யாருடைய பெயராகவும் வரவில்லை. ஆனால் 16ஆம் அத்தியாயம் 112ஆம் வசனத்தில், நிம்மதியாக இருந்த ஓர் ஊரைச் சொல்லும்போது இதே சொல் வருகிறது. நாயகத்தின் தாயார் ஆமினா பின்த் வஹ்ப், மக்காவின் குறைஷி குலத்தில் பனூ ஸுஹ்ரா குடும்பத்தவர். மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, மதீனாவிலிருந்து மக்கா திரும்பும் வழியில் அப்வாவில் இறந்துபோனார். அவர் நினைவாகத்தான் வைக்கிறீர்கள் என்றால் ஆமினாவேதான்.

அமீனா என்றால் நம்பகமானவள். அதன் ஆண்பால் அமீன். நபித்துவத்துக்கு முன்பே மக்காவாசிகள் நாயகத்தை 'அல் அமீன்' என்றுதான் அழைத்தார்கள். ஈமான் (இறைநம்பிக்கை), அமானிதம் (நம்பி ஒப்படைத்தது) எல்லாம் அதே அலிஃப்–மீம்–நூன் வேரில் முளைத்தவை. முகலாயர் ஆட்சியில் வருவாய்த்துறை அதிகாரிக்கும் அமீன் என்று பெயர் இருந்தது: நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கத் தக்கவர் என்று பொருள். ஜப்திக்கு வரும் நம் கோர்ட் அமீனா அந்தச் சொல்லின் வழியில் வந்தவர்தான். தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டிக்கொண்டதால் பெண் பெயர்போல ஒலிக்கிறது. மருமகளிடம் சொல்லுங்கள், அந்தச் சொல்லில் வெட்கப்பட எதுவுமில்லை.

சிக்கல் வருவது ஆங்கில எழுத்தில். முதலில் ஒற்றை 'ஏ' போட்டால் இரண்டு பெயரும் ஒன்றாகிவிடும். அதைக் கணினி தமிழாக்கும்போது 'அமினா' என்று இரண்டு நெடிலுமே போய்விடும். ஆமினாவுக்கு முதலில் இரண்டு 'ஏ', நடுவில் ஒரே 'ஐ' போடுங்கள். கடைசியில் 'எச்' சேர்ப்பது உங்கள் விருப்பம். சேர்த்தால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் சேர்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிற்பாடு அலைச்சல்தான். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. அவகாசம் இருக்கிறது, எழுத்தை முடிவுசெய்த பிறகே படிவத்தைக் கொடுங்கள்.

கேள்வி: செனகல் நாட்டில் வழங்கும் 'அமினாட்டா' என்ற பெயருக்கும் ஆமினாவுக்கும் தொடர்பு உண்டா? 'ஆமீன்' என்கிறோமே, அதுவும் இந்தப் பெயர்தானா?
– வாசகர், கீழக்கரை

பதில்: முதலாவதற்கு உண்டு. இப்பெயரின் கடைசி எழுத்து 'தா மர்பூத்தா', அதாவது வட்ட வடிவத் தா. அங்கே நிறுத்தினால் 'ஹ்' என்று தேயும். அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொன்னால் 'த்' எழும்பும். ஆமினத்து பின்த் வஹ்ப் என்று ஓதிப் பார்த்தால் காதிலேயே விழும். மேற்கு ஆப்பிரிக்க வடிவத்தில் அந்தத் 'தா' நிலைத்துவிட்டது. ஃபாத்திமா அங்கே ஃபாத்துமாத்தா ஆனதும் இப்படித்தான். துருக்கியரோ அமீனாவை 'எமினே' ஆக்கிக்கொண்டார்கள்.

ஆமீன் பெயரல்ல. 'ஏற்றருள்வாயாக' என்று துஆவின் (பிரார்த்தனையின்) முடிவில் சொல்வது. அதில் ஆவும் நெடில், மீயும் நெடில்.