அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் துணை அதிபர் வேட்பாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? மாநில ஓட்டுக்காகவா?

கேள்விக்குக் கீழே, "இதுவரை நடந்ததில் நல்ல தேர்வு எது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாநில ஓட்டுக்காக என்பது பாதி உண்மைகூட இல்லை. அது டிவி விவாதங்களுக்கு வசதியான கணக்கு. மக்கள் தன்னிடம் எதைக் குறையாகப் பார்ப்பார்கள் என்று அதிபர் வேட்பாளர் பயப்படுகிறாரோ, அந்தக் குறையை ஈடுகட்டும் ஆளைத்தான் தேடுகிறார் என்பது என் எண்ணம். வெளியுறவில் அனுபவம் இல்லாத டெக்சாஸ் ஆளுநர் ஜார்ஜ் புஷ், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் டிக் செனியைத் தேர்ந்தெடுத்தார். செனட்டில் ஒரு பதவிக்காலம்கூட முடிக்காத ஒபாமா, அங்கே 1973 முதல் உட்கார்ந்திருந்த ஜோ பைடனைத் தேர்ந்தெடுத்தார். துணையின் பெயர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது, தலைவருக்கு எதில் பயம் என்பதைத்தான்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு புறநகரில். 2024 ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகி, கமலா ஹாரிஸ்தான் வேட்பாளர் என்று ஆனதுமே, துணைக்கு எங்கள் ஆளுநர் ஜோஷ் ஷபீரோதான் என்று அலுவலகத்தில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. அங்கே அதிபரை முடிவுசெய்வது மாநிலவாரியாகத் தேர்வாகும் தேர்வாளர்கள் போடும் வாக்கு; பெரும்பாலான மாநிலங்களில் ஜெயித்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு முழுவதும் போகும். அதிபராக மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகளில் 270 வேண்டும். பென்சில்வேனியாவிடம் மட்டும் 19. ஷபீரோ 2022இல் ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தவர். இதற்கு மேல் என்ன யோசனை என்பதுதான் பேச்சு.

ஆகஸ்ட் 6 காலையில் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ் பெயர் வந்தது. அன்று மாலையே பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழக அரங்கில் கூட்டம். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வாகாத ஷபீரோ மேடையேறி, தொண்டை கட்டும் அளவுக்குப் பேசி, சொந்த ஊர்க் கூட்டத்தை எழுந்து நிற்க வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் வால்ஸ் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, "இவரை விட்டுட்டு ஏன் அவரை?" என்று கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இல்லை.

பிறகு வெளிவந்த செய்திகளையும் ஹாரிஸே எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு புரிகிறது. எல்லா முக்கிய முடிவுகளிலும் தானும் அறையில் இருக்க வேண்டும் என்று ஷபீரோ எதிர்பார்த்ததாக ஹாரிஸ் எழுதியிருக்கிறார். ஷபீரோ அதைக் கடுமையாக மறுத்தார். வால்ஸோ, தான் நல்ல விவாதக்காரன் இல்லை என்று நேர்காணலிலேயே சொல்லிவிட்டதாகச் செய்தி. அதிபர் ஆசை இல்லாத, சொன்னதைச் செய்கிற, கிராமத்து ஆசிரியர் முகம் கொண்ட ஒருவர் ஹாரிஸுக்கு நிம்மதியாகப் பட்டிருக்கிறார். அக்டோபர் 1 அன்று டிரம்ப்பின் துணை வேட்பாளர் ஜே.டி. வான்ஸோடு நடந்த விவாதத்தில் வால்ஸ் தடுமாறியபோது, அவர் முதலிலேயே சொன்னது நினைவுக்கு வந்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தன் முதல் விருப்பம் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் பீட் புட்டிஜெஜ்தான் என்று ஹாரிஸ் பின்னால் எழுதினார். ஆனால் கறுப்பினப் பெண் ஒருவரும் தன்பாலின ஈர்ப்பாளர் ஒருவரும் சேர்ந்து நிற்பதை நாடு தாங்குமா என்ற பயத்தில் அவரை விட்டுவிட்டாராம். நான் பயம் என்று சொல்வது இதைத்தான்.

ஷபீரோ வந்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று இங்கே இன்றும் பேசுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஹாரிஸுக்குக் கிடைத்தது 226. அதோடு எங்கள் 19ஐச் சேர்த்தாலும் 245தான். இழுபறி மாநிலங்கள் ஏழையும் அவர் தோற்றார். ஒரு மாநிலத்துக்காரரை வைத்து ஏழு ஓட்டைகளை அடைக்க முடியாது.

பழைய கதைகளும் இதையேதான் சொல்கின்றன. 2004இல் ஜான் கெர்ரியோடு நின்ற ஜான் எட்வர்ட்ஸால் தன் வட கரோலினாவை வாங்கித்தர முடியவில்லை. 2012இல் விஸ்கான்சின்காரரான பால் ரயனைத் துணையாக வைத்துக்கொண்டே மிட் ராம்னி அந்த மாநிலத்தில் தோற்றார். 1988இல் மைக்கேல் டுகாகிஸின் துணையாக நின்ற லாயிட் பென்ட்சன் டெக்சாஸின் செல்வாக்கான செனட்டர். எதிர்த்துப் போட்டியிட்ட மூத்த புஷ்ஷும் டெக்சாஸ்காரர் என்பதால் அந்தக் கணக்கும் எடுபடவில்லை.

மாநிலக் கணக்கு பலித்ததற்கு எல்லோரும் காட்டும் ஒரே உதாரணம் 1960. கத்தோலிக்கர், பாஸ்டன்காரர், வயது 43 என்று கென்னடியைத் தெற்கு மாநிலங்கள் சந்தேகத்தோடு பார்த்தன. லாஸ் ஏஞ்சலிஸ் மாநாட்டில் தன்னோடு மோதிய டெக்சாஸ் செனட்டர் லிண்டன் ஜான்சனையே துணையாக எடுத்தார். தொழிற்சங்கத்தினர் கொதித்தார்கள். தம்பி ராபர்ட் கென்னடி ஜான்சனின் அறைக்குப் போய், விலகிக்கொள்ள முடியுமா என்று கேட்கிற அளவுக்குப் போனது. ஜான்சன் விலகவில்லை. அக்டோபரில் ரயில் ஏறித் தெற்கு முழுக்க ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பேசினார். டெக்சாஸின் 24 வாக்குகள் சுமார் 46,000 ஓட்டு வித்தியாசத்தில் வந்தன. இதையும் வெறும் மாநிலக் கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிராந்தியமே தன்னை அந்நியனாகப் பார்க்கிறது என்ற குறைக்கு அங்கே பழகிய ஆளைக் கூட்டிவந்தார், அவ்வளவுதான்.

மாநிலம் பற்றி அரசியலமைப்பிலேயே ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் அதிபர், துணை அதிபர் இருவருக்கும் போடும் ஓட்டில் ஒருவராவது வெளிமாநிலத்தவராக இருக்க வேண்டும். 2000இல் இது பெரிய தலைவலியாகியிருக்கும். துணையைத் தேடும் பொறுப்பைப் புஷ் செனியிடம் ஒப்படைத்தார். தேடியவரே கடைசியில் தேர்வானார் (இதைப் பற்றி எத்தனை ஜோக் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்). சிக்கல் என்னவென்றால் செனி அப்போது வசித்தது டல்லஸில். புஷ்ஷும் டெக்சாஸ். அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பு செனி தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். அந்தத் தேர்தலில் புஷ் வென்றது 271 வாக்குகளில். மாற்றாமல் விட்டிருந்தால் டெக்சாஸின் 32 போய், செனிக்கு 239தான் மிஞ்சியிருக்கும். துணை அதிபரைச் செனட் தேர்ந்தெடுக்க வேண்டி வந்திருக்கும். 2024இல் டிரம்ப்பின் இறுதிப் பட்டியலில் மார்கோ ரூபியோ இருந்தபோதும் இதே பேச்சு எழுந்தது. இருவருமே ஃபுளோரிடா, அங்கே 30 வாக்குகள்.

சரி, குறையை ஈடுகட்டும் ஆள் கிடைத்துவிட்டார். அப்புறம்தான் விசாரணை. பெண் கொடுப்பதற்கு முன் ஊரில் நாலு பேரிடம் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே கேட்பது வக்கீல்கள். வருமான வரிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, பழைய வழக்கு, கணவன் அல்லது மனைவியின் தொழில், எப்போதோ பேசிய பேச்சு எல்லாம் வெளியே வரும். இவ்வளவு கெடுபிடி வந்ததற்கு ஒரு போன்காலும் ஒரு காரணம்.

1972 ஜூலை 13, மியாமி பீச். முந்தைய இரவுதான் ஜார்ஜ் மெக்கவர்ன் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். மாலை 4 மணிக்குள் துணையின் பெயரைக் கொடுக்க வேண்டும். டெட் கென்னடி வருவார் என்று நம்பிக் காத்திருந்தார்கள், அவர் மறுத்துவிட்டார். வால்டர் மாண்டேல் உட்பட இன்னும் சிலரும் மறுத்தார்கள். பாஸ்டன் மேயர் பெயருக்கு அவருடைய சொந்த மாநிலத்திலேயே எதிர்ப்பு. கெடு முடிய நிமிடங்களே இருக்கும்போது மிசூரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனைப் போனில் பிடித்தார்கள். அவர் உடனே சம்மதித்தார். மெக்கவர்னின் உதவியாளர் போனை வாங்கி, பின்னால் சங்கடம் தருகிற மாதிரி பழைய விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் ஈகிள்டன். விசாரணை அவ்வளவுதான்.

மனச்சோர்வுக்காக அவர் மூன்று முறை மருத்துவமனையில் இருந்ததும், மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்துக்கொண்டதும் பத்திரிகைக்காரர்கள் துருவத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தன. மெக்கவர்ன் அவருக்கு ஆயிரம் சதவீத ஆதரவு என்றார். சில நாட்களில் விலகச் சொன்னார். மொத்தம் 18 நாள். ஈகிள்டனின் நோயைக் காட்டிலும், ஆயிரம் சதவீதம் என்று சொல்லிவிட்டுக் கைவிட்டதுதான் மெக்கவர்னை அதிகம் காயப்படுத்தியது என்று நினைக்கிறேன். நவம்பரில் 49 மாநிலங்களில் தோற்றார்.

விசாரணை இருந்தும் அவசரத்தில் சறுக்கியது 2008. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயினுக்குப் பிடித்தவர் நண்பரும் செனட்டருமான ஜோ லீபர்மன். முன்பு ஜனநாயகக் கட்சியில் இருந்தவர், கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். மாநாட்டில் கலகமே வரும் என்று கட்சிக்காரர்கள் பயமுறுத்த, இரண்டு வருடம்கூட ஆளுநராக இருந்திராத அலாஸ்காவின் சாரா பேலினைச் சில நாட்களில் அலசி, ஆகஸ்ட் 29 அன்று ஓஹியோவின் டேட்டனில் அறிவித்தார். அன்று மெக்கெயினுக்கு 72வது பிறந்தநாள். முதலில் கூட்டம் அலைமோதியது. பிறகு டிவி பேட்டியில், எந்தப் பத்திரிகை படிப்பீர்கள் என்ற கேள்விக்கே நேராகப் பதில் வரவில்லை. ஒபாமாவுக்கு அனுபவம் இல்லை என்று மெக்கெயின் பேசிவந்த பேச்சும் அதோடு போனது. லீபர்மனையே எடுத்திருக்க வேண்டும் என்று கடைசிக் காலத்தில் எழுதினார்.

பட்டியல் நடுவழியில் மாறுவதும் உண்டு. பெண் ஒருவரைத்தான் எடுப்பேன் என்று 2020 மார்ச்சில் பைடன் வாக்குக் கொடுத்தார். செனட்டர் ஏமி குளோபுச்சர் பெயர் பலமாக அடிபட்டது. மே மாதம் அவருடைய மினசோட்டாவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸால் கொல்லப்பட்டதும் நிலைமை மாறி, வெள்ளையர் அல்லாத பெண்ணைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி அவரே ஒதுங்கினார். ஹாரிஸுக்கு வேறொரு தடை இருந்தது. 2019 விவாத மேடையில் பைடனை நேருக்கு நேர் குத்தியவர் அவர். ஜூலை கடைசியில் பைடன் கையில் வைத்திருந்த குறிப்புத்தாள் ஒரு புகைப்படத்தில் விழுந்தது. ஹாரிஸ் பெயருக்குக் கீழே முதல் வரி: மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரத்தில் பெயர் அறிவிப்பு வந்தது. தாய்வழித் தாத்தாவின் துளசேந்திரபுரத்தில் போஸ்டரும் பூஜையும் நடந்தது உங்களுக்கே தெரியும்.

என் கணிப்புக்கு ஒத்துவராதவர் என்று கிளிண்டனைச் சொல்வார்கள். 1992இல் பக்கத்து மாநிலத்து அல் கோரை, ஏறக்குறைய தன் வயதுக்காரரை எடுத்தார். ஆனால் வியட்நாம் போருக்குப் போகாமல் தப்பியவர் என்ற பேச்சு கிளிண்டன் மேல் இருந்தது, கோர் போய் வந்தவர். எனக்கு இதுவும் ஒத்துத்தான் வருகிறது.

டிரம்ப்பைப் பார்த்தால் இன்னும் தெளிவு. 2016இல் கிறிஸ்தவப் பழமைவாதிகள் தன்னை நம்புவார்களா என்ற சந்தேகம் இருந்தது, மைக் பென்ஸ் வந்தார். 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் முடிவை மாற்ற பென்ஸ் மறுத்தார். 2024இல் கட்சி முழுக்கக் கைக்குள். மிச்சமிருந்த பயம் துணையே எதிர்த்து நிற்பது மட்டும்தான். ஒரு காலத்தில் தன்னைக் கடுமையாக விமர்சித்து, பிறகு முழுமூச்சாகத் தன் பக்கம் வந்த வான்ஸை எடுத்தார். அவருடைய ஓஹியோ ஏற்கெனவே குடியரசுக் கட்சிக்கு உறுதியான மாநிலம். ஓட்டுக் கணக்கு பார்த்திருந்தால் அவர் பெயர் வந்திருக்காது.

எல்லாவற்றிலும் குறைவாக யோசிக்கப்படுவது, நாளைக்கே இவர் அதிபரானால் என்ன என்ற கேள்வி. ஒன்பது முறை அப்படி ஆகியிருக்கிறது. எட்டு முறை அதிபரின் மரணத்தால், ஒரு முறை நிக்சன் பதவி விலகியதால். 1944இல் ரூஸ்வெல்ட் உடம்பு சரியில்லை என்று தெரிந்த கட்சிப் பெரியவர்கள்தான், துணை அதிபர் ஹென்றி வாலஸை ஓரங்கட்டி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ட்ரூமன் துணை அதிபராகப் பதவியேற்ற 82 நாளில் ரூஸ்வெல்ட் இறந்தார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரமே ட்ரூமனுக்கு அதற்குப் பிறகுதான் சொல்லப்பட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. என் ஓட்டு 1976க்கு, ஜிம்மி கார்ட்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்ததற்கு. ஈகிள்டன் கதை கண்முன் இருந்ததால் கார்ட்டர் அவசரப்படவில்லை. நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பினார், சிலரை ஜார்ஜியாவின் பிளெய்ன்ஸில் தன் வீட்டுக்கே வரவழைத்துப் பேசினார். வாஷிங்டனில் தனக்கு யாரையும் தெரியாது என்ற குறைக்குச் செனட்டர் மாண்டேல் பொருத்தமானவர். முக்கியமாக, ஜெயித்த பிறகு அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. வெள்ளை மாளிகையின் மேற்குப் பிரிவிலேயே அலுவலகம் கொடுத்தார், வாராவாரம் சேர்ந்து சாப்பிட்டார். 1980இல் இருவரும் சேர்ந்தே தோற்றார்கள். ஆனால் மேற்குப் பிரிவில் துணை அதிபருக்கு ஓர் அறை என்ற ஏற்பாட்டை, அவர்களைத் தோற்கடித்த ரீகன் உட்படப் பின்னால் வந்த எந்த அதிபரும் மாற்றவில்லை.